ஒலி அட்டையும் ரேடியோ தொலைநோக்கியும்

மைக்ரோஃபோனில் பேசப்படும் குரல் கணிப்பொறியின் ஒலிபெருக்கியை அடைவதற்கு முன் பல கட்டங்களைக் கடக்கிறது. மைக்ரோஃபோன் அதனை மின் சைகையாக மாற்றுகிறது. ஒலி அட்டை அச்சைகையைப் பெரும்பாலும் வினாடிக்கு 48,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகப் பதிகிறது. பின்னர் நடைபெறுவன யாவும் எண்களைக் கொண்டு செய்யப்படும் கணக்குகளேயாகும்.

லினக்ஸ் முறையில் இயங்கும் கணிப்பொறியில் இப்பணி மூன்று நிலைகளில் நடைபெறுகிறது. முதல் நிலையில், ஆல்சா என்னும் பகுதி ஒலி அட்டையை நேரடியாக இயக்குகிறது. இது 1998-இல் தொடங்கப்பெற்று, 2003-இல் வெளிவந்த 2.6 பதிப்பு முதல் லினக்ஸ் கெர்னலின் அங்கமாக விளங்குகிறது. இரண்டாம் நிலையில், ஜாக் அல்லது பைப்வயர் என்னும் நிரல், எந்தச் சைகை எங்கே செல்லவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. பழைய தொலைபேசி நிலையங்களில் பலகையில் கம்பிகளைச் செருகி இணைப்புத் தந்ததற்கு இதனை ஒப்பிடலாம். மூன்றாம் நிலையில், குரலின் தன்மையை மாற்றும் நிரல்கள் இடம்பெறுகின்றன.

இம்மாற்றங்களுள் எதிரொலியை உதாரணமாகக் கொள்வோம். சைகையின் பிரதி ஒன்றை 12,000 எண்கள் பின்தங்கச் செய்து, பாதியாகக் குறைத்து, மூலத்துடன் கூட்டினால் கால் வினாடிக்குப் பின் எதிரொலி கேட்கும். தாமதம், பெருக்கல், கூட்டல் ஆகிய மூன்றே இதற்குப் போதுமானவை.

இதே மூன்று செயல்களைப் பேரளவில் காணவேண்டுமாயின், மகாராஷ்டிரத்தில் புணே நகருக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் கோடத் கிராமத்தருகே அமைந்துள்ள மாபெரும் மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கியை நோக்கலாம். இதனை நடத்தும் தேசிய ரேடியோ வானியற்பியல் மையம் புணேயில் உள்ளது. 45 மீட்டர் குறுக்களவுள்ள 30 ஆன்டெனாக்கள், ஏறத்தாழ 25 கிலோமீட்டர் பரப்பில் பரவியுள்ளன. அவற்றின் சைகைகள் கண்ணாடி இழைகளின் வழியே மத்திய கட்டடத்தை அடைகின்றன. இச்சைகைகளை இணைக்கும் வேலையைத் தொடக்கத்தில் தனி மின்னணு இயந்திரம் செய்துவந்தது. 2010-ஆம் ஆண்டையொட்டி, லினக்ஸ் கணிப்பொறிகளின் தொகுதி அதனை மேற்கொண்டது. சைகையை எண்ணாக மாற்றும் அட்டைகள் அக்கணிப்பொறிகளிற் பொருத்தப்பட்டன. ஒலி அட்டை செய்யும் வேலையையே அவை மிகுந்த வேகத்திற் செய்தன.

ஒரே அலை எல்லா ஆன்டெனாக்களையும் ஒரே கணத்தில் அடைவதில்லை. 25 கிலோமீட்டரைக் கடக்க ஒளிக்கு ஏறத்தாழ 83 மைக்ரோ வினாடி ஆகும். ஆகவே முந்தி வந்த சைகைகளுக்குத் தக்க தாமதம் கொடுத்து ஒன்றுபடுத்துகின்றனர். பின்பு 435 ஜோடிகளின் சைகைகளைப் பெருக்கிக் கூட்டி, வானத்தின் படத்தைக் கணிக்கின்றனர்.

இத்தொகுதியில் மூலச் சைகையையே சேமித்துவைத்துப் பின்னர் வேறு விதமாகக் கணக்கிடவும் வசதி இருந்தது. இதில் ஒரு படிப்பினை உண்டு. 16 பிட் முறையில் ஓர் எண் -32,768 முதல் 32,767 வரையே இருக்க முடியும். குரல் இவ்வெல்லையை மீறினால் அலையின் உச்சி வெட்டுண்டு போகும். பின்னர் ஒலியைக் குறைத்தாலும் வெட்டுண்ட பகுதி திரும்பாது. எதிரொலி கூடிவிட்டால், மூலப் பதிவு இருக்கும் வரை, அதனை நீக்கி மீண்டும் தொடங்கலாம்.

ஆதலின் முதியோரின் வாய்மொழி வரலாற்றையோ, வழக்கொழியும் பேச்சு மொழியையோ பதிவு செய்யும் களப் பணியாளர்கள் உள்ளீட்டின் அளவை முதலில் சரிசெய்து, மாற்றம் செய்யாத பதிவைத் தனியே பாதுகாத்து, பிரதியில் மட்டுமே மாற்றங்களைச் செய்தல் வேண்டும். ஒலியே கேட்கவில்லையெனில் அட்டை பழுதென்று உடனே முடிவு செய்தல் கூடாது. ஆல்சாமிக்சர் திரையில் 'எம்எம்' என்னும் குறி காணப்பட்டால் அவ்வழி மூடப்பட்டிருக்கிறது என்பது பொருள்; 'எம்' விசையை அழுத்தினால் அது திறக்கும். அதன் பின்னும் ஒலி எழாவிடின், மைக்ரோஃபோனிலிருந்து தொடங்கி ஒவ்வோர் இணைப்பையும் வரிசையாகச் சோதித்து வருவதே முறையாகும். மாணவர்கள் இப்பாதையைக் கரும்பலகையில் வரைந்து பழகினால், பிழை எங்கே என்பதைத் தாமே கண்டறியும் திறன் பெறுவர்.