சாரணர் இயக்கமும் பெரியோர் கடமையும்



சனிக்கிழமைதோறும் காலையில் நம் பள்ளித் திடலில் சீருடை அணிந்த சிறுவர்கள் கயிறும் கழியுமாக நிற்பதைத் தாங்கள் கண்டிருப்பீர்கள். அவ்வழியே சென்ற தந்தை ஒருவர், “என்ன ஐயா, பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார்களே!” என்று எம்மிடம் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. பிள்ளையின் கல்வியில் அக்கறை உள்ளவரே அவ்வாறு கேட்பார். அவருக்கு அன்று நின்றவாறே சொன்ன விடை போதாது என்று எமக்குத் தோன்றியது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்த நாள் முதல் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சாரணர் பணியில் ஈடுபட்டுவரும் யாம், அவ்விடையை இம்மலரில் சற்று விரிவாக எழுத விழைகின்றோம்.

இயக்கம் பிறந்த வரலாறு

சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்தவர் பேடன் பவல் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவர். 1857-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22-ஆம் நாள் பிறந்தவர். தென்னாப்பிரிக்காவில் நடந்த போரின்போது மாஃபெகிங் என்னும் சிறு நகரம் 1899-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 217 நாள் பகைவரால் முற்றுகையிடப்பட்டது. ஆள் பற்றாக்குறையால் அந்நகரச் சிறுவர்களைக் கொண்டு ஒரு படை அமைக்கப்பட்டது. கடிதம் கொண்டு செல்லுதல், ஏவலாளராகப் பணியாற்றுதல் முதலிய பொறுப்புகளை அச்சிறுவர்கள் செவ்வனே செய்து முடித்தனர். சிறுவரை நம்பிப் பொறுப்பைக் கொடுத்தால் அவர்கள் அந்நம்பிக்கைக்குத் தக்கவராக உயர்வர் என்ற உண்மை அப்போது பேடன் பவலின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

1907-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் இருபது சிறுவர்களைக் கொண்டு அவர் ஒரு முகாம் நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் சிலர். உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள் சிலர். அக்காலத்து இங்கிலாந்தில் இவ்விரு சாராரும் ஒரே கூடாரத்தில் உறங்குவது அரிது. அவர்களை ஓநாய், காளை, காகம், உள்ளான் என விலங்கு பறவைகளின் பெயரால் நான்கு அணிகளாகப் பிரித்தார். ஒவ்வோர் அணிக்கும் சிறுவன் ஒருவனே தலைவன். மறு ஆண்டு, 1908-இல், அவர் எழுதிய சாரணர் கையேடு வெளிவந்தது. எவரும் பணிக்காமலே பல ஊர்களிலும் சிறுவர்கள் தாமாகவே அணி சேர்ந்தனர். 1910-இல் சிறுமியர்க்கும், 1916-இல் இளஞ்சிறார்க்கும் தனித்தனிப் பிரிவுகள் தோன்றின.

நம் மலாயாவிலும் 1908-ஆம் ஆண்டிலேயே பினாங்கில் இவ்வியக்கம் கால் கொண்டது. பிற்காலத்தில் பிராங்க் கூப்பர் சாண்ட்ஸ் என்பவர் இதனைப் பரப்பி, மலாயாச் சாரணர் இயக்கத்தின் தந்தை எனப் போற்றப்பட்டார். இலங்கையில் 1912-இல் மாத்தளையில் முதற் குழு தோன்றியது.

ஈண்டு ஒன்றை நாம் கருதிப் பார்த்தல் வேண்டும். இந்தியாவில் தொடக்கக் காலத்துச் சாரணர் குழுக்கள் ஐரோப்பியப் பிள்ளைகளுக்கே உரியனவாக இருந்தன; இந்தியச் சிறுவர்க்கு இடம் தரப்படவில்லை. அதற்காக அங்கிருந்த பெரியோர் கைகட்டி நிற்கவில்லை. 1916-இல் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் சென்னையில் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சாரணர் சங்கம் அமைத்தனர். அச்சாரணர் தலையில் தொப்பிக்கு மாறாகத் தலைப்பாகை விளங்கியது. 1918-இல் மதன்மோகன் மாளவியா, குன்சுரு, பாஜ்பாய் ஆகியோர் வட இந்தியாவில் மற்றொரு சங்கம் கண்டனர். 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அம்மையாரின் சங்கம் பொது இயக்கத்தோடு இணைந்தது. விடுதலைக்குப் பின்னர், 1950-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவாயிற்று. கதவு திறக்கும் வரை காத்திராமல் தம் பிள்ளைகளுக்காகத் தாமே முன்வந்த பெரியோரால் விளைந்த பயன் இது.

சாரணன் கற்பது என்ன?

மாணவர்களே, சாரணன் மூன்று விரல்களை உயர்த்தி வணக்கம் செலுத்துகிறான். இறைவனுக்கும் மாமன்னருக்கும் நாட்டுக்கும் கடமையாற்றுதல், பிறர்க்கு எப்போதும் உதவுதல், சாரணர் விதிகளுக்குக் கீழ்ப்படிதல் என்னும் மூன்று உறுதிகளை அவ்விரல்கள் நினைவூட்டும். கட்டை விரல் சிறு விரலை மூடி நிற்பது, வலியவன் எளியவனைக் காக்க வேண்டும் என்பதற்கு அறிகுறி. எப்போதும் ஆயத்தமாக இருத்தல் என்பதே சாரணனின் தாரக மந்திரம்.

முடிச்சுப் போடுதல், கூடாரம் அமைத்தல், முதலுதவி, திசையறிதல், சமைத்தல் ஆகியவை சாரணன் பயிலும் கலைகள். இவை நூலறிவுக்குப் பகையல்ல. தேர்வில் வினாத்தாளைக் கண்டு கலங்காத மனம், மழையில் நனைந்த விறகோடு போராடிச் சோறு சமைத்த பிள்ளைக்கு எளிதில் வாய்க்கும் என்பதை யாம் பன்முறை கண்டிருக்கின்றோம்.

அண்ணன் போன்றவரே சாரண ஆசிரியர்

சாரண ஆசிரியர் எத்தகையவராக இருத்தல் வேண்டும்? பள்ளி ஆசிரியரைப் போலவும் இருத்தலாகாது, படையதிகாரியைப் போலவும் இருத்தலாகாது, மூத்த அண்ணனைப் போல் இருத்தல் வேண்டும் என்பது பேடன் பவலின் கருத்து. தலைமையாசிரியராகிய எமக்கு இப்பாடம் எளிதில் விளங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

யாம் நடத்திய முதல் முகாமில் கூடாரங்களை யாமே அடித்தோம். சோற்றை யாமே வடித்தோம். பிள்ளைகள் வரிசையில் நின்று தட்டை நீட்டினர். முகாம் ஒழுங்காக நடந்தது என்று எல்லாரும் பாராட்டினர். திரும்பும் வழியில் பேருந்தில் ஒரு சிறுவன், “ஐயா, அடுத்த முகாமில் எங்களுக்கு ஏதாவது வேலை கொடுப்பீர்களா?” என்று கேட்டான். அக்கேள்வி எம் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்தது. பிள்ளைகள் செய்ய வேண்டியவற்றையெல்லாம் நாமே செய்துவிட்டு, அதற்குத் தொண்டு என்று பெயரும் சூட்டிக்கொண்டோம் அல்லவா?

அடுத்த முறை அணித்தலைவர்களிடம் அரிசியையும் பானையையும் கொடுத்துவிட்டு விலகி அமர்ந்தோம். ஓர் அணியின் சோறு குழைந்தது. மற்றோர் அணியின் சோறு கருகியது. ஆயினும் மூன்றாம் வேளையில் நான்கு அணிகளும் உண்ணத்தக்க உணவைச் சமைத்துவிட்டன. கருகிய சோற்றைப் பொறுத்துக்கொள்ளும் பொறுமையே சாரண ஆசிரியருக்கு முதற் தகுதி என்று அன்று அறிந்தோம்.

தலையெண்ணிக்கை தவறிய நாள்

பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். பாதுகாப்பைக் கொடுத்தல் ஆகாது. அது பெரியவரின் தோள்மீதே இருத்தல் வேண்டும். இதனையும் யாம் பட்டே அறிந்தோம்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் ஆற்றங்கரையொன்றில் நடைப்பயணத்தை முடித்துப் புறப்படும் வேளையில் தலைகளை எண்ணினோம். இருபத்து மூன்று பேர் இருக்க வேண்டிய இடத்தில் இருபத்திரண்டு பேரே இருந்தனர். மீண்டும் எண்ணினோம், இருபத்திரண்டே. ஆற்று நீரைப் பார்த்த அந்நொடியில் எம் கால்கள் தளர்ந்துவிட்டன. அரைமணி நேரத் தேடலுக்குப் பின்னர், களைப்பால் ஒரு மரத்தின் பின்புறம் படுத்து உறங்கிவிட்ட அச்சிறுவனைக் கண்டெடுத்தோம். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, “வீட்டுக்குப் போகலாமா, ஐயா?” என்றான். அவனைக் கடிந்துகொள்ள எமக்கு உரிமையில்லை. புறப்படும்போது எண்ணினோமேயன்றி, இடையில் ஒரு முறையேனும் எண்ணாதது எம் பிழை.

அன்று முதல் எம் குழுவில் சில விதிகளை மீறாது கடைப்பிடித்து வருகின்றோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இணை உண்டு. இருவரில் ஒருவரைக் காணாவிடில் மற்றவர் உடனே குரல் கொடுப்பார். இடம் மாறும்போதெல்லாம் தலையெண்ணிக்கை நடைபெறும். பெற்றோரின் ஒப்புதல் கடிதமும், பிள்ளைக்குள்ள நோய், ஒவ்வாமை பற்றிய குறிப்பும் இன்றி எவரையும் வெளியே அழைத்துச் செல்வதில்லை. எல்லாவற்றிலும் மேலாக, குறைந்தது இரு பெரியவர்கள் இன்றி எந்த நடவடிக்கையும் இல்லை. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனித்திருத்தல் கூடாது. தலைமையாசிரியரும் இவ்விதிக்கு விலக்கல்லர். இது எவர்மீதும் கொண்ட ஐயத்தால் எழுந்ததன்று. பிள்ளையையும் பெரியவரையும் ஒருங்கே காக்கும் வேலி.

நம் தைப்பிங் மழைக்குப் பேர்போன ஊர். புக்கிட் லாருட் மலையடிவாரத்தில் அமைந்த இந்நகரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பிற்பகலில் கருமேகம் திரண்டால் இடி மின்னலும் உடன் வரும். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் வீதம் ஒலி நம்மை நோக்கி வருகிறது. முப்பது வினாடிக்குள் இடியோசை கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ளது என்பது பொருள். உடனே கட்டடத்திற்குள் சென்றுவிட வேண்டும். கடைசி இடியோசை கேட்டு முப்பது நிமிடம் கழிந்த பின்னரே வெளியே வரலாம். ஏரிப் பூங்காவின் முதிர்ந்த தூங்குமூஞ்சி மரங்கள் வெயிலுக்கு இனிய நிழல் தருவன. ஆனால் இடி மின்னலின்போது அவற்றின் கீழ் ஒதுங்குதல் பேராபத்து. கூடாரமும் நம்மைக் காக்காது.

தோட்டத்தாரிடம் உள்ள கல்வி

பெற்றோரைத் துணைக்கு அழைக்கும்போதெல்லாம் யாம் கேட்கும் விடை ஒன்று உண்டு: “எனக்கு என்ன ஐயா தெரியும்? மரம் வெட்டத்தானே தெரியும்!” இவ்விடையைக் கேட்டு யாம் வருந்தாத நாளில்லை.

ஒரு முகாமின்போது காலை முதல் மழை. விறகெல்லாம் நனைந்துவிட்டது. தீக்குச்சிப் பெட்டிகள் இரண்டு தீர்ந்தும் அடுப்பு எரியவில்லை. மகனுக்கு மாற்றுடை கொண்டுவந்த முதியவர் ஒருவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஓய்வு பெற்ற பால்மரத் தொழிலாளி அவர். ஒன்றும் பேசாமல் பக்கத்திலிருந்த பழைய மரங்களுக்கிடையே சென்று, மங்கிலும் பட்டையிலும் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலைப் பொறுக்கி வந்தார். ஈர விறகின் மேற்பட்டையைக் கத்தியால் சீவி, உள்ளிருந்த உலர்ந்த சிராய்களை அடுக்கி, ஒட்டுப்பாலைக் கொளுத்தி அடியில் வைத்தார். சில நிமிடங்களில் அடுப்பு கொழுந்துவிட்டு எரிந்தது. பிள்ளைகள் கைதட்டினர். “தாத்தா, எங்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்!” என்று அவரைச் சூழ்ந்துகொண்டனர். அன்று மாலை வரை அவரே ஆசிரியர். பயிற்சி பெற்ற யாம் அவருடைய மாணவர்.

விடியுமுன் எழுந்து, தலைவிளக்கு வெளிச்சத்தில் நிரை பிடித்து நடந்து, வழி தவறாமல் மீண்டவர்கள் நம் தோட்டத்து மக்கள். கத்தியைத் தீட்டவும், காயமின்றிக் கையாளவும், பாம்பின் தடம் அறியவும், மேகத்தைக் கண்டு மழையைச் சொல்லவும் அறிந்தவர்கள். இவற்றையெல்லாம் வெளிநாட்டார் நூல்களில் எழுதி, சின்னங்கள் வழங்கிக் கற்பிக்கின்றனர். நம்மவரோ இவை கல்வியே அல்ல என்று எண்ணித் தலைகுனிகின்றனர். பால்மரங்கள் அழிந்து செம்பனை எழுந்துவிட்ட இந்நாளில், பலரும் தோட்டத்தை விட்டு நகருக்குக் குடிபெயர்ந்துவிட்ட இந்நாளில், இவ்வறிவைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காவிடில் அது நம்மோடு மறைந்துபோகும்.

செலவும் நேரமும்

சீருடைச் செலவை எண்ணிப் பிள்ளையைச் சேர்க்காத பெற்றோரும் உளர். நம் பள்ளியில் இதற்கென ஓர் அலமாரி உண்டு. ஆறாம் ஆண்டு முடித்துச் செல்லும் மாணவர் தம் சட்டையையும் கழுத்துத் துண்டையும் துவைத்து மடித்து அதில் வைத்துச் செல்வர். வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம், எவர் எடுத்தார் என்று குறிப்பேடு வைப்பதில்லை. பிரவுன்சீ தீவில் செல்வர் மகனும் உழைப்பாளர் மகனும் ஒரே கூடாரத்தில் உறங்கினர் என்றால், நம் திடலில் ஒரு பிள்ளை சட்டையின்றி ஒதுங்கி நிற்கலாமா?

அன்பான வேண்டுகோள்

இறுதியாக ஒன்று. நம் சாரணர் குழுவை இப்போது இரண்டு ஆசிரியர்கள் நடத்தி வருகின்றனர். அவருள் ஒருவர் இவ்வாண்டு இறுதியில் பணி ஓய்வு பெறுகிறார். இரு பெரியவர் இன்றி நடவடிக்கை இல்லை என்ற விதியை மேலே கூறினோம். அவ்விதியைத் தளர்த்த எமக்கு மனமில்லை. ஆகவே, மற்றொருவர் முன்வராவிடில் அடுத்த ஆண்டு நம் பிள்ளைகளுக்கு முகாம் இல்லை. இதுவே உண்மை நிலை.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமைக் காலைப்பொழுதுகள் போதும். பட்டம் வேண்டியதில்லை; சரளமான மலாய் மொழியோ ஆங்கிலமோ வேண்டியதில்லை. பள்ளி வழியாகப் பெயர் பதிந்து, அடிப்படைப் பயிற்சி பெற்று, மேற்கூறிய விதிகளை ஏற்றுக்கொள்வதே தேவை. விரும்புவோர் காலப்போக்கில் ‘மானிக் காயு’ என்னும் மரமணிப் பயிற்சி வரை உயரலாம். தாய்மார்களும் வரலாம், வர வேண்டும் என்பதே எம் விருப்பம்.

தொடக்கத்தில் கூறிய தந்தை அடுத்த சனிக்கிழமையும் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சிறுவன் இரண்டு கயிறுகளை இணைக்க இயலாமல் திணறினான். “அப்படி இல்லை தம்பி, இப்படி!” என்று வெளியிலிருந்தே கையை அசைத்துக் காட்டினார். யாம் சென்று வாயிற்கதவைத் திறந்து வைத்தோம். அது தங்களுக்காகவும் திறந்தே இருக்கிறது.

வாழ்க நம் பிள்ளைகள்! வளர்க அவர்தம் தொண்டு!