குப்பை பழசானால் கிருமி போயிடுமா?



போன மாதக் கூட்டத்தில், சேமிப்பு வரவு எழுதி முடித்ததும் ஒரு அக்கா கேட்டாங்க: "எங்க தெருவுக்குப் பின்னாடி குப்பை கொட்டுறத நிறுத்தி ரெண்டு வருஷமாச்சு. இனிமே கிணத்துத் தண்ணிய குடிக்கலாமா?" சட்டுனு பதில் சொல்ல முடியலை. விசாரித்ததை இங்கே எழுதுகிறோம்.

நம்ம பக்கம் குப்பைமேடு தெரியாதவங்க யாரு? பெருங்குடியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்திலேயே பல பத்தாண்டுகளாகக் கொட்டினார்கள். 2022 ஏப்ரலில் அது நாள்கணக்கில் எரிந்ததும் ஞாபகம் இருக்கும். தாம்பரத்துக்குக் கன்னடபாளையம், சிட்லபாக்கத்துக்கு ஏரிக்கரை என்று அங்கங்கே இருந்தது.

காபி ஃபில்டரில் வெந்நீர் ஊற்றினால் டிகாஷன் இறங்குதில்லையா, அதே மாதிரிதான். மழைத்தண்ணி குப்பைக்குள் இறங்கி, அழுகினதையெல்லாம் கரைத்துக்கொண்டு கறுப்பாக அடியில் வடியும். இதற்குக் கசிவுநீர் என்று பெயர். குழந்தை டயபர், கறிக்கடைக் கழிவு, செத்த எலி, மேய வரும் நாய், மாடு, பன்றி எல்லாம் சேர்வதால் ஈ.கோலை போன்ற மலக்கிருமிகளும் அதில் இருக்கும். புதுக் குப்பையின் கசிவுநீரில்தான் இவை அதிகம்.

குப்பைக்குள் காற்று தீர்ந்ததும் அது இட்லி மாவு மாதிரி புளிக்கும், சூடாகும். நம்ம குடலில் வாழ்ந்து பழகின கிருமிக்கு இது ஒத்துவராது, குறைய ஆரம்பிக்கும். வருஷங்கள் போகப் போக வேறு வகைக் கிருமிகள் அந்தப் புளிப்பைத் தின்று மீத்தேன் வாயுவாக மாற்றும். அப்போது மலக்கிருமி இன்னும் குறைந்துவிடும். ஆனா கிளாஸ்டிரிடியம் மாதிரி சிலது கெட்டியான ஓட்டுக்குள் விதை போல வருஷக்கணக்கில் தூங்கும். மேலே யாராவது புதுசா ஒரு வண்டி கொட்டிட்டாலோ, கதை முதலிலிருந்து தொடங்கும்.

அப்போ பழைய மேடு பரவாயில்லையா? இங்கேதான் நாங்களும் ஏமாந்தோம். கிருமி பார்க்கும் பாட்டிலில் தண்ணி கறுக்கவில்லை என்றால் நிம்மதியாகப் போய்விடுவோம். அந்தப் பாட்டில் கிருமியை மட்டும்தான் காட்டும். கசிவுநீரில் உள்ள அம்மோனியா கிருமி மாதிரி சாகாது, பல பத்தாண்டு இருக்கும். மண்ணில் காற்றுப் பட்டால் நைட்ரேட்டாக மாறிக் கிணற்றுக்கு வரும். நிறமோ வாடையோ இருக்காது. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்க ஆகாது. அந்தத் தண்ணியில் பால் பவுடர் கலக்கிக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைக்கு ரத்தத்தில் பிராணவாயு குறைந்து உடம்பு நீலம் பாரிக்கலாம். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணி வற்றுவதால் அதன் அளவு கூடத்தான் செய்யும்.

அந்த அக்காவிடம் இப்போதைக்குக் கிணற்றுத் தண்ணியைத் துணி துவைக்க, வாசல் தெளிக்க மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். குடிக்க, சமைக்கக் குழாய்த் தண்ணிதான், அதையும் காய்ச்சி. அந்த வீட்டில் நாலு மாதப் பேரன் இருக்கிறான்.

உங்க கிணறும் மேட்டுக்குப் பக்கத்தில் இருந்தால், குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கோலிஃபார்ம், அம்மோனியா, நைட்ரேட் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்க. கிருமிச் சோதனைக்குப் பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டில் வேண்டாம், அவங்க தரும் சுத்தமான பாட்டிலில் பிடித்து அன்றைக்கே கொடுக்கணும். மழைக்கு முன்னால் ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒரு தடவை. இரண்டு சீட்டையும் கூட்டத்துக்கு எடுத்துட்டு வாங்க, சேர்ந்து படிச்சுப் பார்ப்போம்.