காம் போடாம எப்படிண்ணா?

இடையஞ்சாவடியில் ஊதுவத்திக் கடை வைத்திருக்கும் நண்பர், இணையத்தில் ‘டாட் ஸ்டோர்’ என்று முடியும் முகவரி வாங்கினார். பெயர்ப்பலகை எழுதியவர் கேட்காமலே பின்னால் ஒரு ‘டாட் காம்’ சேர்த்துவிட்டார். “காம் போடாம எப்படிண்ணா?” என்றாராம்.

தபால் பிரிப்பவர் உறையின் கடைசியில் இருக்கும் 605101-ஐத்தான் முதலில் பார்ப்பார். தெருவும் கதவு எண்ணும் அப்புறம். இணைய முகவரியைக் கணினியும் கடைசியிலிருந்துதான் பிடிக்கிறது. ‘ஸ்டோர்’ யார் பொறுப்பு என்று மூல சர்வரிடம் விசாரித்து, அது காட்டும் பதிவகத்திடம் கடைப் பெயரைக் கேட்கும். இந்த வேலையில் காமுக்கும் ஸ்டோருக்கும் இம்மியும் வித்தியாசம் கிடையாது.

ஆனால் காம் 1985-லேயே வந்து துண்டு போட்டுவிட்டது. 2012-ல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு, ஸ்டோர் போன்ற புது முகவரி முடிவுகளுக்கு விண்ணப்பம் கேட்டபோது, கட்டணம் 1,85,000 டாலர் என்றபோதும் 1,930 விண்ணப்பங்கள் வந்தன. ஆயிரத்துக்கு மேல் களமிறங்கியும், காமில் மட்டும் இன்று 15 கோடிக்கு அதிகமான பெயர்கள்.

நண்பரின் மின்னஞ்சலை ஒரு படிவம் ‘தவறான முகவரி’ என்று தள்ளியது. புள்ளிக்குப் பின் மூன்றெழுத்துக்கு மேல் வராது என்று எந்தக் காலத்திலோ யாரோ எழுதிவைத்த நிரல்! தமிழ் முடிவுகளின் பாடு இன்னும் திண்டாட்டம். ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ மூன்றும் இருக்கின்றன. ஆனால் ‘இந்தியா’ உள்ளே ‘எக்ஸ்என்--எக்ஸ்கேசி2டிஎல்3ஏ5இஇ0எச்’ என்று ஆங்கில எழுத்து வேடம் கட்டித்தான் பயணிக்கிறது. சில செயலிகளில் வேடம் அப்படியே வெளியே தெரியும். பார்ப்பவர் மோசடி இணைப்பென்று பயந்து ஒதுங்குவார்.

ஜெயித்தவையும் உண்டு. அங்குவில்லா என்னும் குட்டித் தீவின் ‘டாட் ஏஐ’, செயற்கை நுண்ணறிவின் சுருக்கமாக அமைந்தது தற்செயல். 2023-ல் அத்தீவு அரசின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதிலிருந்தே வந்தது. நம்மூரில் ரிசர்வ் வங்கி 2025-ல் எல்லா வங்கிகளையும் ‘டாட் பேங்க் டாட் இன்’னுக்கு மாறச் சொன்னது. வங்கியல்லாதவர் அதை வாங்க முடியாது. காசு கட்டினால் யாருக்கும் கிடைக்கும் காமால் அந்த உத்தரவாதத்தைத் தர முடியாது.

ஸ்டோருக்கு அப்படி எந்தக் காவலும் இல்லை. முதல் வருடம் சல்லிசாகக் கிடைத்த பெயருக்கு மறுவருடம் பல மடங்கு கேட்டதும் நண்பர் ‘டாட் இன்’னுக்கு மாறினார். பலகைக்காரர் தூரிகையைத் தோய்த்தபடி இந்த முறையும் கேட்டாராம்: “காம் வேணாமாண்ணா?”