சுண்ணாம்பு நாட்டில் டீசல் யந்திரம்

நோயாளியின் நாடியைப் பிடிப்பதற்கு முன்பாக, எந்த ஊர், குடிப்பது கிணற்றுத் தண்ணீரா ஆற்றுத் தண்ணீரா, செய்யும் தொழில் என்ன என்றெல்லாம் நிதானமாக விசாரித்துக்கொள்வது பழைய நாட்டு வைத்தியர்களின் வழக்கம். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குச் செல்லும் சுமார் முப்பது கிலோமீட்டர் சாலையின் ஓரத்தில், வேப்பமரத்து நிழலையே கூரையாகக் கொண்டு நடக்கும் பட்டறை ஒன்றில் அரை நாள் உட்கார்ந்திருப்பவர்கள், அந்த வழக்கம் இன்னும் அழிந்துவிடவில்லை என்பதைத் தெரிந்துகொள்வார்கள். பிக்கப் வண்டிகளைப் பழுது பார்க்கும் அனுபவசாலியான மெக்கானிக்கும், ஸ்பானரைக் கையில் எடுக்குமுன், வண்டி எந்தப் பாதையில் ஓடுகிறது, ரேடியேட்டருக்கு ஊற்றுவது எந்தத் தண்ணீர் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் இருப்பதில்லை.

வண்டிக்காரர்கள் சொல்லும் புகார்கள் பெரும்பாலும் ஐந்து வகைக்குள் அடங்கிவிடும். வண்டி இழுக்கவில்லை, புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது, பாரத்தோடு ஏற்றத்தில் ஏறினால் கொதிக்கிறது, முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தபடியே இருக்கிறது. இவற்றைச் சொல்லி முடித்தவுடன், "கம்பெனிக்காரன் மட்டமான எஞ்சினைத் தலையில் கட்டிவிட்டான்" என்ற தீர்ப்பையும் அவர்களே வழங்கிவிடுவார்கள். தயாரித்தவர்கள் தவறே செய்யாதவர்கள் என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் இந்த ஐந்தில் நான்கு புகார்களுக்குப் பின்னால், எந்தத் தொழிற்சாலையிலும் உற்பத்தியாகாத ஒரு வஸ்து அநேகமாக நின்றுகொண்டிருக்கிறது என்பதே என் அபிப்பிராயம். அந்த வஸ்து இந்தப் பிரதேசத்தின் மண்.

கடல் இருந்த இடம்

அரியலூரைச் சுற்றியுள்ள பூமி, கிரெட்டேஷியஸ் என்று விஞ்ஞானிகள் பெயரிட்டிருக்கும் யுகத்தில், அதாவது சுமார் 14½ கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6½ கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த அந்த நெடுங்காலத்தின் பெரும்பகுதியில், சமுத்திரத்தின் அடியில் கிடந்தது. எச். எஃப். பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேய நிலவியலார் 1862-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று அடுக்குகளாகப் பகுத்த நாள் முதல், நம் அரியலூரின் பெயர் உலக நிலவியல் நூல்களில் இடம்பெற்றுவிட்டது. கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுரங்கங்களில் சிப்பிகள் அடுக்கடுக்காகக் கல்லாகிக் கிடக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று கல்லாகிப் படுத்திருக்கிறது. வாரணவாசியிலுள்ள அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் இந்தப் பூர்வ சமுத்திரத்தின் ஜந்துக்களைக் கண்ணாடிப் பேழைகளில் காணலாம்.

அந்த ஜந்துக்களின் ஓடுகள்தாம் இன்றைய சுண்ணாம்புக் கல். அந்தக் கல்லை நம்பியே அரசு சிமெண்ட் ஆலையும், ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், தாமரைக்குளம் முதலிய ஊர்ப்பக்கங்களில் தனியார் ஆலைகளும் எழுந்தன. மேற்கே பெரம்பலூர்ப் பக்கம் போனாலோ நிலம் மாறுகிறது. அங்கே கருங்கல் குவாரிகளும் ஜல்லி உடைக்கும் கிரஷர்களும் மிகுதி. ஒரு புறம் சுண்ணாம்புத் தூள், மறு புறம் கருங்கல் தூள், இரண்டுக்கும் நடுவே கரிசல் காட்டுப் புழுதி. இவற்றினூடே சின்ன வெங்காயத்தையும் மக்காச்சோளத்தையும் பருத்தியையும் ஏற்றிக்கொண்டு பிக்கப்புகள் ஓடுகின்றன. 2005-இல் டாடாவின் ஏஸ் வந்தபோது அதற்குக் "குட்டியானை" என்று நம்மவர்கள் செல்லப்பெயர் சூட்டியதும், 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வெளிவந்ததும் பலருக்கு நினைவிருக்கும். லாரி புக முடியாத வண்டிப்பாதையிலும் களத்துமேட்டிலும் இத்தகைய சிறு வண்டிகள் புகுந்துவிடும். புகுகிற இடமெல்லாம் புழுதியாக இருப்பதுதான் சங்கடம்.

மூச்சில் ஏறும் மண்

டீசல் யந்திரத்தில் பெட்ரோல் யந்திரத்தைப் போலத் தீப்பொறி எழுப்பும் கருவி கிடையாது. காற்றை மிகக் கடுமையாக அமுக்கினால் அது தானே உஷ்ணமடையும் என்ற இயற்கை விதியைப் பயன்படுத்தி, அந்த உஷ்ணத்தினாலேயே எண்ணெயைப் பற்றவைக்கும் உபாயத்தை ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் வகுத்தார். 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய யந்திரம் வெற்றிகரமாக ஓடிற்று. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் கையைச் சுடுகிறதல்லவா, அதே விதிதான். ஆகவே காற்றே இந்த யந்திரத்தின் தீக்குச்சி. பிஸ்டனுக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையே காற்றுக் கசிந்தால் அமுக்கம் குறையும், அமுக்கம் குறைந்தால் உஷ்ணம் குறையும், உஷ்ணம் குறைந்தால் எண்ணெய் சரியாக எரியாது, எண்ணெய் எரியாவிட்டால் வண்டி இழுக்காது.

ஒரு கிலோ டீசல் முற்றும் எரிவதற்குச் சுமார் 14½ கிலோ காற்று தேவை. காற்றின் லேசான எடையை நினைத்துக் கணக்கிட்டால், ஒரு லிட்டர் டீசலுக்குக் குறைந்தபட்சம் பதினாயிரம் லிட்டர் காற்று ஆகிறது. வழக்கமாக இதைவிட அதிகமாகவே யந்திரம் உள்ளிழுக்கும். ஒரு நாளில் பத்து லிட்டர் டீசல் செலவழிக்கும் வண்டி ஒரு லட்சம் லிட்டர் காற்றை விழுங்குகிறது என்றால், டிப்பர் லாரிகளின் பின்னே புழுதி மண்டலத்தில் ஊர்ந்து செல்லும் பிக்கப் எத்தனை தூளைச் சுவாசிக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

தூள்களிலும் பேதம் உண்டு. சுண்ணாம்புக் கல்லிலுள்ள கால்சைட் மிருதுவான பொருள். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 3 தான். அது வடிகட்டியை விரைவில் அடைக்கும், யந்திரத்துக்கு மூச்சுத் திணறலைக் கொடுக்கும். காற்றுப் போதாமல் எண்ணெய் அரைகுறையாக எரிந்து கரும்புகை தள்ளுவது அதனால்தான். கருங்கல் தூளிலும் மணலிலும் இருக்கும் குவார்ட்ஸோ அதே அளவுகோலில் 7. அது சிலிண்டரின் இரும்பையே அறுக்க வல்லது. பிஸ்டன் ரிங்கும் சுவரும் ஒன்றையொன்று தொடாதபடி நடுவே காப்பது சில மைக்ரான் கனமே உள்ள எண்ணெய்ப் படலம்; மனிதத் தலைமயிரின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால் இது எத்தனை சூக்ஷ்மம் என்பது விளங்கும். கண்ணுக்குத் தென்படும் பருமணலைவிட, கண்ணுக்கே தெரியாமல் அந்தப் படலத்துக்குள் நுழைந்துகொள்ளும் 5 முதல் 20 மைக்ரான் வரையிலான துகள்களே பெரிய சத்துருக்கள். அவை சுவரைத் தேய்க்கத் தேய்க்க, கீழேயுள்ள ஆயில் மேலேறி எரியத் தொடங்கும். வண்டி "ஆயில் குடிக்கிறது" என்பதும், நீலப்புகை வருகிறது என்பதும் இதுவே.

அந்தப் பட்டறையில் நான் கண்ட ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்புதான் ரிங் மாற்றிய வண்டி மறுபடியும் நீலப்புகை விடுகிறதென்று ஓர் இளைஞர் வந்தார்.

"ஏர் ஃபில்டரை வாரா வாரம் காத்தடிச்சு சுத்தமா வச்சிருக்கேன்ணே. அப்புறமும் ஏன் இப்படி?" என்றார்.

மெக்கானிக் பதில் சொல்லாமல், வடிகட்டிப் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர்க் குழாயைக் கழற்றி, "உள்ளே விரலை விட்டுப் பாரு தம்பி" என்றார். விரல் வெளியே வந்தபோது அதன் நுனியில் திருநீறு தொட்டாற்போல் வெளுத்திருந்தது.

வடிகட்டியைத் தாண்டிய பிறகு அந்தக் குழாயில் ஒரு துளி மண்ணும் இருக்கலாகாது. அங்கே மண் இருப்பதற்குக் காரணங்கள் பெரும்பாலும் இரண்டு: குழாயின் கிளிப் தளர்ந்தோ ரப்பர் வெடித்தோ வேறு வழியாகக் காற்றுப் புகுகிறது, அல்லது வடிகட்டியின் காகிதம் எங்கோ கிழிந்திருக்கிறது. கம்ப்ரஸரின் பலத்த காற்றைக் கிட்டத்தில் வைத்து அடிப்பதே அந்தக் காகிதத்தைக் கிழிப்பதற்கு நிச்சயமான மார்க்கம். இதில் ஒரு விசித்திரமும் அடங்கியிருக்கிறது. ஓரளவு தூசி படிந்த வடிகட்டி புது வடிகட்டியைவிட நன்றாக வடிகட்டும். படிந்த தூசியே இன்னொரு சல்லடையாக அமைந்து நுண்ணிய துகள்களைத் தடுக்கும். வாரந்தோறும் அதை உதறித் தள்ளிய இளைஞர், சுத்தத்தின் பெயரால் தம் காவலாளியையே வெளியேற்றிக்கொண்டிருந்தார்.

தண்ணீரில் இறங்கும் கல்

காற்றின் வழியே வந்த சுண்ணாம்பு தண்ணீரின் வழியாகவும் வருகிறது. டீசலை எரித்துப் பெறும் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேற, எஞ்சிய பங்கின் பெரும்பகுதியைச் சுமந்து சென்று ரேடியேட்டரில் இறக்கிவைப்பது தண்ணீரின் கடமை. சுண்ணாம்புப் பாறையினூடே ஊறிவந்த போர்த் தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கும். சூடேறியவுடன் அது சிதைந்து மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகவே படியும். வெந்நீர் வைக்கும் அண்டாவின் அடியில் வெள்ளைப் படிவம் கட்டுவதைப் பார்க்காத இல்லத்தரசி இந்தப் பக்கத்தில் இல்லை. அதே படிவம் எஞ்சினின் நீர்ப்பாதைகளிலும் ரேடியேட்டரின் மெல்லிய குழல்களிலும் கண்காணாமல் வளர்கிறது. இரும்பைக் காட்டிலும் பல மடங்கு குறைவாகவே அந்தப் படிவம் உஷ்ணத்தைக் கடத்துமாதலால், தண்ணீர் நிறைந்திருந்தும் யந்திரம் தாகத்தால் தவிக்கும் அதிசயம் நிகழ்கிறது. சித்திரை வெயிலில், அளவுக்கு மீறிய பாரத்தோடு வண்டி கொதிக்க, ஹெட் வளைந்து, கேஸ்கட் எரிந்து, தண்ணீர் சிலிண்டருக்குள் கசிந்து வெண்புகையாக வெளிவரும். கனிமம் நீக்கிய நீரில் கலந்த கூலண்டுக்குச் செலவாகும் காசைக் கண்டு தயங்குகிறவர்கள், எஞ்சின் இறக்கும் செலவை நினைத்துக்கொள்வது நல்லது.

மஞ்சள் விளக்கு

ஐந்தாவது புகார் மட்டும் மண்ணைச் சேர்ந்ததன்று. அது காலத்தைச் சேர்ந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நம் தேசத்தில் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை விதிகள் அமலுக்கு வந்தன. டீசலில் அனுமதிக்கப்படும் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. புதிய டீசல் வண்டிகளின் புகைப்பாதையில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் வடிகட்டி ஒன்றும் பொருத்தப்படலாயிற்று. பிடித்த கரியை அது அவ்வப்போது சுமார் 600 டிகிரி உஷ்ணத்தில் எரித்துச் சாம்பலாக்கிக்கொள்ள வேண்டும். அந்த உஷ்ணம் பிறப்பதற்கு வண்டி நெடுந்தூரம் சீராக ஓட வேண்டும். காட்டிலிருந்து கமிஷன் மண்டிக்கு நாலு கிலோமீட்டர், அங்கே ஒரு மணி நேரம் எஞ்சினை அணைக்காமல் காத்திருப்பு, மறுபடியும் நாலு கிலோமீட்டர் என்று ஓடும் வண்டிக்கு அந்த யோகம் வாய்ப்பதில்லை; கரி சேர்ந்துகொண்டே போக, முகப்பில் மஞ்சள் விளக்கு எரியத் தொடங்குகிறது. எரிக்கும் வேலை பாதியில் நிற்கும்போதெல்லாம், அதற்காகத் தெளிக்கப்பட்ட டீசல் சுவரோடு வழிந்து ஆயிலில் கலக்கிறது. குச்சியில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறுவதைக் கண்டு சந்தோஷப்படுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள், ஏனெனில் அது நீர்த்துப்போன ஆயில். விளக்கு எரியத் தொடங்கியதும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் அது அணைந்துவிடும். வடிகட்டியைக் குடைந்து எறிந்துவிடும்படி யோசனை சொல்வாரும் உண்டு. சட்டத்துக்கு விரோதமான அந்தச் சிகிச்சையினால் வெளிப்படும் கரி, வண்டியின் பின்னே நடந்து செல்லும் பள்ளிக் குழந்தைகளின் நெஞ்சில்தான் போய்ப் படியும்.

தயாரிப்பாளர்களுக்குச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. வண்டியோடு தரப்படும் கையேட்டில், புழுதி மிகுந்த இடங்களில் வடிகட்டியையும் ஆயிலையும் குறித்த தூரத்துக்கு முன்பே கவனிக்க வேண்டுமென்று ஒரு மூலையில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அரியலூரில் அது விதிவிலக்கன்று, அன்றாட விதி. சிமெண்ட் மாவட்டத்துக்கு வண்டியை விற்கும்போது, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில், சாவியைக் கொடுக்கும் அன்றே வாய்விட்டுச் சொல்லிக் கொடுப்பது அவர்கள் கடமை.

சிப்பிகள் கிடந்த கடலில் மிதந்தவை போன்ற நுண்ணுயிர்களே வேறு வேறு கடல்களின் அடியில் புதைந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் கச்சா எண்ணெயாயின. ஆகவே டீசலும் கடலின் சொத்து, சுண்ணாம்பும் கடலின் சொத்து. அவை சிலிண்டருக்குள் சந்திக்காமல் பார்த்துக்கொள்வது மட்டுமே நம் கையில் இருக்கிறது. பிக்கப் வைத்திருக்கும் வாசகர்கள் அடுத்த முறை ஆயில் மாற்றும்போது, எஞ்சினை அணைத்துவிட்டு, வடிகட்டிக்குப் பின்னாலுள்ள அந்த ரப்பர்க் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்க்கட்டும். விரலில் ஒன்றும் ஒட்டவில்லையென்றால் எஞ்சினின் மூச்சைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம்; தூள் ஏதாவது ஒட்டியிருந்தால், பட்டறைக்குப் போவதை நாளைக்கென்று ஒத்திப்போட வேண்டாம்.