அடுக்குமாடிக் கட்டடங்களில் உயர்தெளிவுத் தொலைக்காட்சி

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் டில்லியில் சோதனை முறையில் தொடங்கிற்று. அந்நாளில் படத்தைச் சுமந்த அலைகள் தரையில் நிறுவிய கோபுரத்தினின்று பரவின. ஆதலால், எவ்வளவு உயரத்தில் குடியிருந்தாரோ அவ்வளவு நற்பேறுடையவராக ஒருவர் கருதப்பட்டார். துணைக்கோள் ஒளிபரப்பு வந்தபின் இந்நிலை மாறிற்று. அலைகள் இப்போது வானினின்று இறங்குகின்றன. இருபதாவது மாடியில் வாழ்பவருக்கும் அவை எட்டாமற் போகலாம். காரணம் தொலைவு அன்று, அவர் தலைக்கு மேலுள்ள இருபத்தொன்றாவது மாடியின் தளமே. நகரங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிவரும் இக்காலத்தில், களப்பணியாளரும் ஆசிரியரும் இதன் இயல்பை அறிந்திருத்தல் பயனுடையது.

துணைக்கோள் நிற்கும் இடம்

பூமத்திய ரேகைக்கு நேர் மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோள், பூமி தன்னைத்தானே சுற்றிவரும் அதே காலத்தில் ஒரு சுற்றை முடிக்கின்றது. எனவே நம் கண்ணுக்கு அது வானில் அசையாது நிற்பதுபோல் அமைகின்றது. வீடுகளுக்கு நேரடியாக ஒளிபரப்பும் துணைக்கோள்கள் கிழக்குத் தீர்க்கரேகை 83 பாகைக்கும் 108 பாகைக்கும் இடையே பல நிலைகளில் நிற்கின்றன. மாதக் கட்டணமில்லாத அரசு ஒளிபரப்பு 93.5 பாகையினின்று வருகின்றது.

இந்த 93.5 பாகைத் துணைக்கோளை எடுத்துக்கொள்வோம். டில்லியினின்று நோக்கினால் அது தெற்கினின்று கிழக்கே சற்று விலகி, அடிவானத்திற்கு மேல் ஏறத்தாழ 52 பாகை உயரத்தில் உள்ளது. மும்பையில் இக்கோணம் 57 பாகைக்குச் சற்று மேல். சென்னையில் 68 பாகை. தெற்கே செல்லச் செல்லத் துணைக்கோள் உச்சியை நெருங்குகின்றது. இதனின்று இரு விளைவுகள் தோன்றுகின்றன. எதிரேயுள்ள கட்டடத்தின் தடை குறைகின்றது. ஆனால் மேல்மாடித் தளத்தின் தடை மிகுகின்றது.

பால்கனியில் ஓர் அளவை

துணைக்கோள் உள்ள திசையை நேராக நோக்கிய பால்கனி ஒன்றில், விளிம்பினின்று ஒரு மீட்டர் உள்ளே டிஷ் பொருத்துவதாகக் கொள்வோம். அலை தடையின்றி வந்து சேர, டில்லியில் மேல்தளம் டிஷ்ஷுக்கு மேல் 1.28 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருத்தல் வேண்டும், சென்னையிலோ 2.5 மீட்டர் வேண்டும். சாதாரணப் பால்கனியில் இவ்வளவு இடைவெளி கிடைப்பது அரிது. எதிர்க்கட்டடம் 20 மீட்டர் தொலைவில் இருப்பின், டில்லியில் அது டிஷ்ஷைவிட ஏறத்தாழ 26 மீட்டர் உயர்ந்திருந்தால் மறைக்கும். சென்னையில் 50 மீட்டர் உயர்ந்தால்தான் மறைக்கும். வடக்கு நோக்கிய வீடுகளுக்கு இக்கணக்கே வேண்டுவதில்லை. அவர்களுக்கும் துணைக்கோளுக்கும் இடையே கட்டடம் முழுவதும் நிற்கின்றது.

கருவி ஏதுமின்றி இதனைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஆண்டுக்கு இருமுறை சூரியன் துணைக்கோளுக்கு நேர் பின்னே கடந்து செல்கின்றது. டில்லியில் 93.5 பாகைத் துணைக்கோளுக்கு இது மார்ச் 9, அக்டோபர் 5 ஆகிய நாட்களை ஒட்டி, முற்பகல் 11 மணியளவில் நிகழும். தெற்கேயுள்ள ஊர்களில் அந்நாட்கள் பகலும் இரவும் சமமான நாட்களை இன்னும் நெருங்கியிருக்கும். அவ்வேளையில் பால்கனியின் எவ்விடத்தில் வெயில் விழுகின்றதோ அவ்விடத்திற்குத் துணைக்கோளும் தெரியும். நிழலாக உள்ள இடத்தில் டிஷ் வைத்துப் பயனில்லை. ஆசிரியர்கள் இதனை மாணாக்கரைக் கொண்டு செய்து காட்டலாம். அந்நாட்களில் சூரியனின் இரைச்சல் கலந்து படம் சில நிமிடம் மறைவதும் உண்டு. இது இயற்கை நிகழ்ச்சியே. இதற்காகக் கருவியைக் கழற்ற வேண்டுவதில்லை.

உயர்தெளிவு என்பது யாது?

பழைய தரத்தில் ஒரு படம் 720-க்கு 576 என்ற அளவில் 4,14,720 புள்ளிகளால் ஆனது. முழு உயர்தெளிவுப் படம் 1,920-க்கு 1,080 என்ற அளவில் 20,73,600 புள்ளிகளால் ஆனது. அதாவது, சரியாக ஐந்து மடங்கு. இத்தனை செய்தியையும் செறிவாக அடைத்து அனுப்புவதால், அலையின் வலிமை குன்றும்போது உயர்தெளிவு நிகழ்ச்சிகள் முதலில் மறைவதும் உண்டு. பழைய ஒளிபரப்பில் வலிமை குறையக் குறையத் திரையில் பனித்தூவல் போன்ற புள்ளிகள் மிகும். எனினும் படம் ஓரளவு தெரியும். எண்முறை ஒளிபரப்பில் அவ்வாறன்று. ஓர் எல்லைவரை படம் பழுதின்றி நிற்கும். எல்லை கடந்ததும் கட்டங்கட்டமாகச் சிதறி, முற்றிலும் நின்றுவிடும்.

வீட்டினுள் நேரும் பிழையும் ஒன்றுண்டு. உயர்தெளிவு செட்-டாப் பாக்ஸை வாங்கியபின், மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகளையுடைய பழைய கம்பியாலேயே பெட்டியை இணைப்போர் பலர். மஞ்சள் முனை உயர்தெளிவுப் படத்தைக் கடத்தாது. எச்.டி.எம்.ஐ. கம்பியால் இணைத்தாலன்றிச் செலவிட்ட பணத்தின் பயன் கிட்டாது.

ஒரு டிஷ், பல வீடுகள்

மேற்கூறியவற்றால் பெறப்படும் உண்மை ஒன்றே: அடுக்குமாடிக் கட்டடத்தில் தென்வானம் முழுவதும் தடையின்றித் தெரியும் இடம் பெரும்பாலும் மொட்டைமாடி மட்டுமே. அது எவர் ஒருவருடைய வீட்டையும் சேர்ந்ததன்று; எல்லோர்க்கும் பொது. எனவே தொலைக்காட்சி ஏற்பாடும் பொதுவாக அமைதலே முறை.

ஆனால் ஒரே டிஷ்ஷினின்று வரும் கம்பியைச் சாதாரணப் பிரிப்பானால் கிளைகளாக்கி வீடுதோறும் கொடுத்தல் பயன் தராது. ஒவ்வொரு செட்-டாப் பாக்ஸும் 13 வோல்ட் அல்லது 18 வோல்ட் மின்னழுத்தத்தைக் கம்பி வழியே மேலே அனுப்பி, அலையின் இரு முனைவாக்கங்களில் தனக்கு வேண்டியதைக் கேட்கின்றது. இரு வீட்டார் வெவ்வேறு கட்டளை அனுப்பினால் ஒருவர் திரை இருண்டுவிடும். மல்டிஸ்விட்ச் என்னும் கருவி இக்குறையை நீக்குகின்றது. அது எல்லா முனைவாக்கங்களையும் எப்போதும் தயாராக வைத்திருந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் கேட்டதை மட்டும் அளிக்கின்றது.

உயர்ந்த கட்டடங்களில் கம்பியின் நீளமும் ஓர் இடையூறு. வினாடிக்கு 215 கோடி அதிர்வுடைய அலை, வழக்கிலுள்ள ஆர்.ஜி.-6 கேபிளில் 60 மீட்டர், அதாவது சுமார் இருபது மாடி, இறங்குவதற்குள் அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தேய்ந்துவிடும். ஒளியிழையிலோ ஒரு கிலோமீட்டர் சென்றாலும் இழையினால் நேரும் இழப்பு பத்தில் ஒரு பங்கை எட்டாது. ஆகையால் பெரிய கட்டடங்களுக்கு மொட்டைமாடியிலேயே அலையை ஒளியாக மாற்றி, ஒளியிழை வழியே மாடிதோறும் இறக்கும் முறை ஏற்றது. நிறுவனங்கள் வெவ்வேறு துணைக்கோள்களைக் கொள்வதால் இரண்டு மூன்று டிஷ்கள் தேவைப்படலாம். எண்பது வீட்டுக்கு எண்பது டிஷ்கள் தேவையில்லை.

கேபிள் வழி இதனினும் எளிது. கேபிள் நடத்துபவர் தம் நிலையத்தில் அலைகளைப் பெற்றுக் கம்பியில் அனுப்புவதால், வீட்டின் திசை ஒரு பொருட்டன்று. 2012-ஆம் ஆண்டு தொடங்கி 2017 மார்ச் வரை நான்கு கட்டங்களாகக் கேபிள் தொலைக்காட்சி எண்முறைக்கு மாற்றப்பட்டது. உயர்தெளிவுக்கு அதற்குரிய செட்-டாப் பாக்ஸைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

காற்று, மழை, உயிர்க்காப்பு

துணைக்கோள் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். பெருமழையின் துளிகள் அதனை உறிஞ்சியும் சிதறடித்தும் படத்தை நிறுத்திவிடும். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்குப் பதில் 120 சென்டிமீட்டர் டிஷ் வைப்பின் நான்கு மடங்கு பரப்புக் கிடைப்பதால் இத்தடை குறையும். பால்கனியில் இடங்கொள்ளாத இப்பெரிய டிஷ் மொட்டைமாடியில் எளிதில் அமையும்.

காற்றின் விசையையும் கருதவேண்டும். கட்டட அமைப்புக்கான இந்தியத் தரநிர்ணயம் சென்னைக்குக் கொள்ளும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். அவ்வேகத்தில் 60 சென்டிமீட்டர் டிஷ்மீது 40 கிலோகிராம் எடைக்குக் குறையாத விசை அழுத்தும். பால்கனிக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே இரண்டு திருகாணிகளில் தொங்கும் டிஷ் பெயர்ந்து விழுமாயின், கீழே நடப்பவர் கதி என்னாகும்? அதனைப் பொருத்துவதற்காகப் பதினான்காம் மாடியில் கயிறுமின்றி வெளியே சாயும் தொழிலாளியின் உயிர் ஒரு மாதச் சந்தாவினும் மலிவானதா? மொட்டைமாடியில் உறுதியான அடித்தளத்தில் நிறுவி, தாங்குகம்பத்தை இடிதாங்கி அமைப்புடன் முறைப்படி நிலத்தொடர்பு செய்தல் இவ்விரு தீங்கையும் தவிர்க்கும்.

ஆகவே, தொலைக்காட்சி பற்றி ஒரு குடியிருப்பார் கேட்கும்போது, அவர் வீட்டுப் பால்கனியை அளக்குமுன் களப்பணியாளர் அக்கட்டடத்துச் சங்கத்தாரை அணுகுவது நலம். கட்டடம் எழும்போதே மாடிதோறும் ஒரு வெற்றுக்குழாய் பதித்து வைத்தால் பின்னர்ச் சுவரைத் துளைக்கும் செலவு மிஞ்சும். தெற்கு நோக்கியவரும் வடக்கு நோக்கியவரும், மேல்மாடியாரும் கீழ்மாடியாரும் ஒரே தெளிவுடன் படம் காண இவ்வேற்பாடு துணைசெய்யும்.