டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: எந்தப் பதிப்புல ஆடுறீங்க?
காரைக்கால் திண்ணையில தாயம் ஆடினாலும் 'எங்க வீட்டு ரூல் வேற'ன்னு சண்டை வரும். பகடை உருட்டி கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலும் அதே சிக்கல்தான். 1974-ல் அமெரிக்காவில் வெளியான ஆட்டம் இது.

என்ன மாறியது?
1989-ல் வந்த 2-ம் பதிப்பில் கவச எண் குறைந்தால்தான் பாதுகாப்பு. 2000-ல் வந்த 3-ம் பதிப்பு அதைத் தலைகீழாக்கியது. 2008-ன் 4-ம் பதிப்பில் கட்டம் போட்ட பலகையில் சண்டைக்கே முதலிடம். 2014-ன் 5-ம் பதிப்பு விதிகளை எளிதாக்கியது; 2024-ல் அதுவும் திருத்தப்பட்டது.

கலந்து ஆடினால்?
'கவச எண் 2' என்றால் 2-ம் பதிப்பில் இரும்புக் கவசமும் கேடயமும். 5-ம் பதிப்பில் கவசமே இல்லாத ஆளுக்கும் 10.

நீங்க என்ன செய்யணும்?
5-ம் பதிப்பின் அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசம். பகடையைத் தொடும் முன்னாடியே எந்தப் பதிப்புன்னு பேசி முடிச்சிடுங்க.