மருதமலைக் குரங்கு சிரிக்கவில்லை

கிணத்துக்கடவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மருதமலைப் படியில் ஒரு குரங்கு அவருடைய மகளைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்ததாம். பிள்ளையும் சிரித்தபடி கிட்டப் போக, கையைப் பிராண்டிவிட்டது. சிரித்த குரங்குக்கு என்ன கோபம் என்று கேட்கிறார்.

அது சிரிப்பில்லைங்க, அம்மணி. சத்தமில்லாமல் உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டினால், 'பயமாயிருக்கு, விட்டுவிடு' என்று பொருள். அப்போதும் நெருங்கினால், ஒதுங்க இடமில்லாத குரங்கு பிராண்டத்தான் செய்யும். மிரட்ட வருகிற குரங்கின் முகமே வேறு: வாய் திறந்திருக்கும், புருவம் ஏறும், கண் கொட்டாது. குரங்குகளிடையே நேர்ப்பார்வை சண்டைக்கு அழைப்பு. முகத்தைத் திருப்பிக்கொள்வது சமாதானம். குரங்கு அருவிக்குப் போகும்போதெல்லாம் என் அமுச்சி, "மொறச்சுப் பாக்காத கண்ணு, மேல வுழுந்துரும்" என்பார். அதே அமுச்சி வீட்டில், அப்புச்சி பேசும்போது கண்ணுக்கு நேரே பார்த்து நின்றால் "என்றா மொறைப்பு?" என்று எங்களுக்கும் விழும்.

நம் ஊர் நாட்டுக் குரங்குகளை வைத்தே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். குட்டி எந்தச் சூழலில் வளர்கிறதோ, அதைப் பொறுத்தே பார்வையை விலக்கும் பழக்கம் அமைகிறது என்று ரிச்சர்ட் காஸ், உமா ராமகிருஷ்ணன் உள்ளிட்டோர் 2002-இல் எழுதினார்கள்.

எனக்குப் பிடித்த கதை கடல் கடந்தது. போர்ட்டோ ரீக்கோவை ஒட்டிய காயோ சாண்டியாகோ தீவுக்கு 1938-இல் இந்தியாவிலிருந்து நானூறுக்கும் மேற்பட்ட செம்முகக் குரங்குகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். அவற்றின் வாரிசுகளிடம் ஜொனாதன் ஃப்ளோம்பாமும் லாரி சான்டோஸும் ஒரு சோதனை வைத்தார்கள். முடிவு 2005-இல் வெளிவந்தது. இரண்டு பேர் நிற்கிறார்கள், ஆளுக்கொரு திராட்சை. ஒருவர் குரங்கைப் பார்க்கிறார், மற்றவர் வேறெங்கோ பார்க்கிறார். குரங்கு யாரிடம் திருடும்? பார்க்காதவரிடம்தான். உடம்பைத் திருப்ப வேண்டியதில்லை, கண்ணை மட்டும் விலக்கினாலும் போதும். முகத்துக்கு முன் அட்டையைப் பிடித்தபோதும், வாயை மறைத்தவரை விட்டுவிட்டுக் கண்ணை மறைத்தவரிடமே கைவைத்தன. மளிகைக் கடையில் அண்ணாச்சி கல்லாப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து பொட்டுக்கடலை அள்ளிய எனக்கு இதில் ஆச்சரியமில்லை; கொஞ்சம் கூச்சம்தான்.

கோயில் படியில் தேங்காய்ப் பையைப் பறிக்கிற குரங்கும் இதே கணக்கைத்தான் போடுகிறது என்பது என் ஊகம். ஆனால் அதற்குப் பறிக்கச் சொல்லிக் கொடுத்தது யார்? ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தி முறுக்கும் பழமும் வீசுகிறோம். குட்டியைத் தூக்கி வைத்திருக்கும் தாயின் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டி, கண்ணெடுக்காமல் பார்க்கிறோம். அதன் மொழியில் இது வம்புக்கு இழுப்பது. வனத்துறை வைத்த 'உணவளிக்காதீர்' பலகைக்குக் கீழேயே இது நடக்கிறது. புண்ணியம் என்றும் சொல்லிக்கொள்கிறோம்! வண்டியில் அடிபட்டுச் சாகிறது குரங்கு, திருட்டுப் பட்டமும் அதற்கே.

வாசகிக்கு இன்னொன்று. பிராண்டிய இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவியிருக்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி போட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. போடவில்லையென்றால், இதைப் படித்த கையோடு பிள்ளையை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.